மடியில் கனம்: ரோமுலஸ் செத்தாரா, மறைந்தாரா?

2020 பிப்ரவரியில் ரோம் நகரின் பழைய பொதுச் சதுக்கமான ஃபோரத்தின் இடிபாடுகளிலிருந்து ஒரு செய்தி வந்தது. பழைய செனட் கட்டடத்தின் படிக்கட்டுக்குக் கீழே, நிலத்தடியில், எரிமலைக் கல்லில் குடைந்த ஒரு கல்பெட்டி. நீளம் 1.40 மீட்டர். பக்கத்தில் வட்டமான இன்னொரு கல், பலிபீடமாக இருக்கலாம். காலம் கி.மு. 6ஆம் நூற்றாண்டு. 'ரோமுலஸின் கல்லறை கிடைத்துவிட்டது' என்று பத்திரிகைகள் தலைப்புப் போட்டன. தோண்டியவர்கள் அவ்வளவு தூரம் போகவில்லை. ரோமின் முதல் ராஜாவாகச் சொல்லப்படும் ரோமுலஸின் நினைவாக ரோமானியர்கள் வழிபட்ட இடமாக இருக்கலாம் என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். பெட்டியும் புதுசில்லை; 1899இல் கியாகோமோ போனி அங்கே தோண்டியபோதே பார்த்துக் குறித்து வைத்ததுதான்.

பெட்டிக்குள் ஒன்றும் இல்லை.

பழைய ரோமானியர் யாரிடமாவது கேட்டிருந்தால், "காலியாகத்தானே இருக்கும்" என்றிருப்பார். தங்கள் நகரத்தை உண்டாக்கிய ராஜாவுக்கு உடல் கிடைக்கவே இல்லை என்றுதான் அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். ஏன் கிடைக்கவில்லை என்பதற்குத்தான் இரண்டு பதில்கள் இருந்தன. ஒன்று, அவர் உடலோடு வானத்துக்குப் போய்விட்டார். இன்னொன்று, செனட்டர்கள் அவரைத் துண்டு துண்டாக வெட்டி, ஆளுக்கொரு துண்டாக உடைக்குள் மறைத்து எடுத்துப் போய்விட்டார்கள்.

ரோமுலஸ் என்று ஒருவர் நிஜமாகவே வாழ்ந்ததற்குச் சான்று கிடையாது. 'ரோம்' என்ற ஊர்ப் பெயரிலிருந்தே அவர் பெயரை உண்டாக்கியிருப்பார்கள் என்பதுதான் பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. ஆகவே, அவரைக் கொன்றது யார் என்று துப்பறிவதில் பயனில்லை. இப்படி ஒன்றுக்கொன்று முட்டிக்கொள்ளும் இரண்டு முடிவுகளையும் ரோமானியர்கள் ஏன் கைவிடாமல் வைத்திருந்தார்கள் என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி.

முதலில் அந்த நாள். மரபுக் கணக்கில் நகரம் பிறந்தது கி.மு. 753, ரோமுலஸ் மறைந்தது கி.மு. 716. குவின்டிலிஸ் மாதம் 7ஆம் தேதி என்கிறார் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க், அதாவது நம் ஜூலை 7. நகரத்துக்கு வெளியே, கேம்பஸ் மார்ஷியஸ் என்ற படைப்பயிற்சித் திடலில், வெள்ளாட்டுச் சதுப்பு என்று பெயர் கொண்ட இடத்துக்குப் பக்கத்தில் ராஜா படையைப் பார்வையிடுகிறார். மக்கள் கூடியிருக்கிறார்கள். திடீரென்று வானம் இருள்கிறது. இடி, மின்னல், புயல். கனத்த மேகம் ஒன்று இறங்கி ராஜாவை மூடுகிறது. சூரியனே மறைந்தது என்கிறார் ரோமானிய அரசியல்வாதியும் பேச்சாளருமான சிசரோ. மேகம் கலைந்து வெளிச்சம் திரும்பும்போது அரியணை காலி.

ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி இந்தக் காட்சியைச் சொல்லும் விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். ராஜாவுக்கு மிகப் பக்கத்தில் நின்றவர்கள் செனட்டர்கள். புயல் அவரை மேலே தூக்கிச் சென்றுவிட்டது என்று சொன்னதும் அவர்கள்தான். படைவீரர்கள் தகப்பனை இழந்த பிள்ளைகள்போல வாயடைத்து நிற்கிறார்கள். அப்புறம் சிலர் 'அவர் தெய்வம், தெய்வத்தின் மகன்' என்று குரல் கொடுக்கிறார்கள்; உடனே எல்லோரும் சேர்ந்துகொள்கிறார்கள். இத்தனையும் சொல்லிவிட்டு லிவி மெல்ல ஒரு வரியைச் சேர்க்கிறார்: ராஜாவை செனட்டர்களே தங்கள் கைகளால் பிய்த்துப் போட்டார்கள் என்று அப்போதே சிலர் இரகசியமாகப் பேசிக்கொண்டிருப்பார்கள் என நினைக்கிறேன், அந்தப் பேச்சும் தெளிவில்லாமல் பரவிவிட்டது. இதை அவர் மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. கதவைத் திறந்து வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார். தேர்ந்த கதைசொல்லி.

துண்டுகள் போன வழியை விளக்குபவர் புளூட்டார்க். கொலை நடந்த இடம் வல்கன் தெய்வத்தின் கோவில் என்று சிலர் கருதினார்களாம். அங்கே செனட்டர்கள் பாய்ந்து, கொன்று, உடலைப் பங்கு போட்டு, ஆளுக்கொரு பங்கை டோகாவின் மடிப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். டோகா நம் வேட்டிபோல அளவான துணி இல்லை. அரைவட்டமாக வெட்டிய பெரிய கம்பளித் துணி; முழுசாக விரித்தால் 5 மீட்டருக்கு மேல் போகும். இடது தோளில் போட்டு, முதுகைச் சுற்றி, வலது கைக்குக் கீழே கொண்டுவந்து, மறுபடி இடது தோளுக்கு ஏற்றும்போது மார்புக்குக் குறுக்கே ஒரு பை மாதிரித் தொங்கல் விழும். ரோமானியர்கள் பொருள்களைச் செருகி வைக்கும் இடம் அதுதான். தமிழில் அதற்குச் சரியான சொல் 'மடி'. மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம் என்பார்கள். அந்தச் செனட்டர்களை நினைத்துப் பாருங்கள்: இடது கையால் மடிப்பை இறுக்கிப் பிடித்தபடி, இரத்தம் கசியக்கூடாதே என்ற கவலையோடு, கூட்டத்துக்கு நடுவே முகத்தில் சோகத்தை வைத்துக்கொண்டு நடக்கிறார்கள். நடக்கக்கூடிய காரியமா என்று கேட்டால் சிரிப்புத்தான் வரும். ஆனால் கதையாக அதை மறக்கமுடியாது. குற்றம் ஒருவர்மேல் மட்டும் விழாமல் எல்லோர் மடியிலும் சமமாக விழுந்துவிடுகிறது பாருங்கள், அங்கேதான் அதன் பலம்.

ஏன் கொன்றார்கள்? ஹாலிகர்னாசஸ் ஊர்க்காரரான வரலாற்றாசிரியர் டயோனிசியஸ் காரணங்களை அடுக்குகிறார். வேயி நகரத்தாரிடமிருந்து பிடித்த பணயக்கைதிகளை ரோமுலஸ் யாரையும் கேட்காமல் திருப்பி அனுப்பினார். பழைய குடிகளையும் புதிதாக வந்தவர்களையும் சமமாக நடத்தவில்லை. தண்டனை கொடுப்பதில் கொடூரம்; வழிப்பறி செய்த சிலரை, அவர்கள் சாதாரண ஆட்களும் இல்லை, பாறையிலிருந்து தள்ளச் சொன்னார். மொத்தத்தில் ராஜாவாக இருந்தவர் கொடுங்கோலர் ஆகிவிட்டார். போரிலும் அமைதியிலும் 300 பேர் கொண்ட மெய்க்காவல் படை ஒன்றை அவர் கூடவே வைத்திருந்தார் என்று லிவியும் சொல்கிறார். தம்பி ரீமஸைக் கொன்று தொடங்கிய ஆட்சி. கூட ஆண்ட சபைன் ராஜா டைட்டஸ் டேஷியஸ் லவீனியத்தில் கொலையுண்டபோதும் இவர் பெரிதாக வருத்தப்படவில்லை. அப்படிப்பட்டவருக்கு இயல்பான சாவு வந்திருக்கும் என்று நம்பத்தான் கஷ்டம்.

இலாபம் யாருக்கு என்று பார்த்தால் சந்தேகம் இன்னும் தடிக்கிறது. ரோமுலஸ் போனபின் உடனே புது ராஜா வரவில்லை. 100 செனட்டர்கள் பத்துப் பத்துப் பேராகப் பிரிந்து, ஐந்து ஐந்து நாள் முறைவைத்து ஆண்டார்கள். ஒரு வருஷம் இப்படியே ஓடியது. 'அடிமைத்தனம் பெருகிவிட்டது, ஒரு எஜமான் போய் நூறு எஜமான்கள் வந்துவிட்டார்கள்' என்று மக்கள் முணுமுணுத்ததாக லிவி எழுதுகிறார். அந்த முணுமுணுப்புக்குப் பிறகுதான் நூமாவை ராஜாவாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

வானத்துக்குப் போன கதைக்கு ஒரு சாட்சி தேவைப்பட்டது. வந்தார் புரோக்குலஸ் ஜூலியஸ்.

கவி ஓவிட் இவரை ரோமுக்குப் பக்கத்து ஊரான ஆல்பா லோங்காவிலிருந்து இரவில் நடந்து வரவைக்கிறார். நிலா வெளிச்சம் போதுமானதாக இருந்ததால் கையில் தீப்பந்தம் இல்லை. திடீரென்று இடது பக்க வேலி அசைகிறது. மயிர் சிலிர்க்கப் பின்வாங்குகிறார். வழியின் நடுவே ரோமுலஸ், மனித அளவைவிடப் பெரிய உருவத்தில், ராஜ உடையில். 'அழவேண்டாம் என்று என் மக்களிடம் சொல். என்னைக் குவிரினஸ் என்று வழிபடட்டும், போர்க்கலையைப் பேணட்டும்.' சொல்லிவிட்டுக் காற்றில் கரைகிறார். லிவியின் கதையில் இதே ஆள் மக்கள் கூட்டத்தின் முன் வந்து, ரோம் உலகத்துக்குத் தலைநகரம் ஆகவேண்டும் என்பது தெய்வங்களின் விருப்பம் என்ற செய்தியைச் சொல்கிறார். அந்த ஆள் சொன்னதை அத்தனை பேரும் நம்பியது ஆச்சரியம்தான் என்று லிவி முடிக்கிறார். சிசரோ இன்னும் வெளிப்படை: புரோக்குலஸ் ஒரு நாட்டுப்புறத்து மனிதர், செனட்டர்கள் தங்கள்மேல் விழுந்த பழியைக் கழுவிக்கொள்ள அவரைத் தூண்டிவிட்டார்கள் என்று எழுதுகிறார்.

சாட்சி சொல்லவந்தவரின் குலப்பெயரையும் கவனிக்கவேண்டும். ஜூலியஸ். ஆல்பா லோங்காவிலிருந்து ரோமுக்கு வந்த குடும்பம் என்று சொல்லிக்கொண்ட அதே ஜூலியஸ் குலத்தில்தான் பின்னாளில் ஜூலியஸ் சீசர் பிறக்கிறார். கதைக்குள் அந்தப் பெயர் எப்போது நுழைந்தது என்பதில் அறிஞர்களுக்குள் வாதம் உண்டு. தற்செயல் என்று மட்டும் என்னால் நம்பமுடியவில்லை.

குவிரினஸும் ரோமுலஸோடு பிறந்த தெய்வம் இல்லை. ஜூபிடர், மார்ஸ் ஆகியோருக்கு அடுத்தபடியாகத் தனிப் பெரும்பூசாரி இருந்த மிகப் பழைய தெய்வம். அந்தத் தெய்வத்துக்கு குவிரினல் குன்றில் கி.மு. 293இல் பெரிய கோவில் ஒன்றை அர்ப்பணித்தார்கள். ரோமுலஸ் தெய்வங்களோடு வானத்தில் வாழ்கிறார் என்று கவி எனியஸ் கி.மு. 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பாடிவிட்டார். ஆனால் ரோமுலஸும் குவிரினஸும் ஒருவரே என்று எழுத்தில் தெளிவாகக் கிடைப்பது கி.மு. 1ஆம் நூற்றாண்டில்தான். பழைய தெய்வத்தின் வீட்டுக்குள் ராஜா எப்போதோ குடிபுகுந்திருக்கிறார்.

இங்கே ஒரு விஷயம். நாம் இதுவரை பார்த்த சாட்சியங்களில் எனியஸ் பாட்டைத் தவிர மற்றதெல்லாம் சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு 650 வருஷங்களுக்கும் பிறகு எழுதியவை. சிசரோ எழுதியது குடியரசு ஆட்டம் கண்ட வருஷங்களில். லிவி, டயோனிசியஸ், ஓவிட் மூவரும் முதல் பேரரசர் அகஸ்டஸ் காலம். புளூட்டார்க் கி.பி. 100ஐ ஒட்டி. ஆகவே, மடியில் துண்டுகளோடு நடக்கும் அந்தச் செனட்டர்கள் கி.மு. 8ஆம் நூற்றாண்டு மனிதர்கள் இல்லை. எழுதியவர்கள் தினமும் பார்த்த முகங்கள்.

கி.மு. 67இல் கடற்கொள்ளையரை ஒடுக்குவதற்காக பாம்பே என்ற தளபதிக்கு மத்தியதரைக் கடல் முழுவதற்கும் அதிகாரம் கொடுக்க ஒரு சட்டம் வந்தது. செனட்டில் பெரும்பாலோருக்குப் பிடிக்கவில்லை. அந்த ஆண்டின் தலைமை ஆட்சியாளர்களான இரண்டு கான்சல்களில் ஒருவர் பாம்பேயைப் பார்த்து, 'ரோமுலஸாக ஆசைப்பட்டால் ரோமுலஸின் முடிவிலிருந்தும் தப்பமுடியாது' என்றார். இதைக் கேட்ட கூட்டம் அந்தக் கான்சலையே பிய்த்துப் போடப் பார்த்தது என்று புளூட்டார்க் சொல்கிறார். 'ரோமுலஸின் முடிவு' என்ற இரண்டே சொல். விளக்கம் தேவைப்படவில்லை, அது மிரட்டல் என்று எல்லோருக்கும் புரிந்தது. கொலைக் கதையை ரோமானியர்கள் எதற்காக வைத்திருந்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது. அளவுக்குமேல் வளர்பவனிடம் 'எங்கள் முதல் ராஜாவுக்கே இதுதான் நடந்தது' என்று செனட் வகுப்பார் சொல்லிக்காட்ட ஒரு முன்னுதாரணம் வேண்டியிருந்தது.

மேலே போன கதையைக் கையில் எடுத்தவர் சீசர். கி.மு. 45இல் ஸ்பெயினில் முண்டா போரில் அவர் வென்ற செய்தி, நகரத்தின் பிறந்தநாளான ஏப்ரல் 21க்கு முந்தைய மாலை ரோமுக்கு வந்து சேர்ந்தது. பிறந்தநாள் விழா சீசர் விழாவாக மாறியது. அதே வருஷம் குவிரினஸ் கோவிலுக்குள் 'வெல்லமுடியாத தெய்வத்துக்கு' என்ற வாசகத்தோடு சீசர் சிலையை வைக்க செனட் தீர்மானித்தது. அந்தக் கோவில் சிசரோவின் நண்பர் அட்டிகஸ் வீட்டுக்குப் பக்கத்தில். இன்னொரு பக்கம் சலூஸ் என்ற தெய்வத்தின் கோவில். சலூஸ் என்றால் நலம், பாதுகாப்பு. மே மாதம் அட்டிகஸுக்கு எழுதிய கடிதத்தில் சிசரோ, 'அவர் சலூஸோடு குடியிருப்பதைவிடக் குவிரினஸோடு குடியிருப்பதே எனக்குப் பிடிக்கிறது' என்று ஒரு வரி போட்டார். சீசர் நலமாக இருப்பதைவிட ரோமுலஸ் போன வழியில் போவதே மேல் என்பதுதான் உட்பொருள். பத்தே மாதத்தில், கி.மு. 44 மார்ச் 15 அன்று, செனட்டர்கள் சீசரை 23 இடங்களில் குத்தினார்கள். அந்தச் செனட் கூட்டம் நடந்தது கேம்பஸ் மார்ஷியஸில் பாம்பே கட்டிய மண்டபத்தில். வெள்ளாட்டுச் சதுப்பு இருந்த பகுதிக்கு நடந்துபோகும் தூரம். கொலையைச் செனட்டிலேயே வைத்துக்கொள்ள அவர்கள் முடிவுசெய்தபோது ரோமுலஸ் கதையும் மனதில் இருந்தது என்று வரலாற்றாசிரியர் அப்பியன் எழுதியிருக்கிறார்.

ஆனால் முன்னோர் செய்த ஒரு வேலையை இவர்கள் செய்யவில்லை. உடலை அப்புறப்படுத்தவில்லை. இழுத்துப் போய் டைபர் ஆற்றில் போடுவதாகத்தான் திட்டம். சீசரின் கூட்டாளிகளான ஆண்டனிக்கும் லெப்பிடஸுக்கும் பயந்து அதைக் கைவிட்டார்கள் என்கிறார், சீசரின் வாழ்க்கையை எழுதிய சூட்டோனியஸ். கொஞ்ச நேரம் அனாதையாகக் கிடந்த உடலை மூன்று அடிமைகள் பல்லக்கில் போட்டு வீட்டுக்குத் தூக்கிப் போனார்கள்; ஒரு கை வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. சில நாளில் இறுதிச் சடங்கு. இரத்தம் தோய்ந்த உடையை ஆண்டனி தூக்கிக் காட்டினார். காயங்களோடு செய்த மெழுகு உருவத்தைக் கூட்டம் பார்க்கும்படி சுழற்றினார்கள். ஃபோரத்தின் நடுவிலேயே பெஞ்சுகளை அடுக்கி மக்கள் உடலை எரித்தார்கள்; கொலைகாரர்களின் வீடுகளைத் தேடி ஓடினார்கள். உடல் இல்லாத ரோமுலஸ் கதையில் செனட்டர்கள் ஒரு வருஷம் ஆண்டார்கள். உடல் கிடைத்த சீசர் கதையில் அவர்களால் ஊரில் நிற்கவே முடியவில்லை. மடியில் கனம் இல்லாமல் போனதுதான் அவர்கள் செய்த தப்பு என்று தோன்றுகிறது.

அதே கோடையில் சீசர் நினைவாக விளையாட்டுகள் நடந்தபோது ஏழு நாள் வானத்தில் வால்நட்சத்திரம் தெரிந்தது. அது சீசரின் ஆன்மா என்று மக்கள் நம்பினார்கள். ரோமுலஸ் மறைந்த குவின்டிலிஸ் மாதத்துக்கும் அந்த வருஷம்தான் புதுப் பெயர் வந்தது: ஜூலியஸ். நம் காலண்டரில் இன்றைக்கும் இருக்கும் ஜூலை.

சீசரின் வளர்ப்பு மகன் பாடத்தை நன்றாகப் படித்திருந்தார். கி.மு. 27இல் அவருக்குப் புதுப் பட்டம் தேடியபோது 'ரோமுலஸ்' என்ற பெயரும் பேச்சில் வந்தது. அவருக்கு அதன்மேல் ஆசையும் இருந்தது. ராஜா ஆகப் பார்க்கிறான் என்ற சந்தேகம் வரும் என்று தெரிந்து விட்டுவிட்டார். 'அகஸ்டஸ்' என்பது போதும் என்றார். ஆனால் வேறு வழிகளில் ரோமுலஸுக்குப் பக்கத்திலேயே இருந்தார். வெள்ளாட்டுச் சதுப்பு இருந்ததாகக் கருதும் இடத்தில் அவருடைய நண்பர் அக்ரிப்பா பாந்தியனைக் கட்டினார். இப்போது சுற்றுலாப் பயணிகள் பார்ப்பது பின்னால் திருப்பிக் கட்டிய கட்டடம். முதல் கட்டடத்துக்குள் அகஸ்டஸ் சிலையை வைக்க அக்ரிப்பா விரும்பினார், அகஸ்டஸ் ஒப்பவில்லை. உள்ளே சீசர் சிலை, வெளி மண்டபத்தில் அகஸ்டஸ் சிலை என்று முடிந்தது. உயிரோடு இருக்கும்போதே உள்ளே போகக்கூடாது என்ற ஜாக்கிரதை.

கி.பி. 14இல் அகஸ்டஸ் படுக்கையில் இயல்பாக இறந்தார். கேம்பஸ் மார்ஷியஸில் எரித்தார்கள்; எலும்புகளைப் பொறுக்கிக் கல்லறையில் வைத்தார்கள். உடல் இருந்தது, சாம்பல் இருந்தது, சந்தேகத்துக்கு இடமே இல்லை. ஆனாலும் நியூமெரியஸ் அட்டிகஸ் என்ற முன்னாள் பிரேட்டர் (உயர்நிலை நீதி அதிகாரி) எழுந்து, அகஸ்டஸ் வானத்துக்கு ஏறுவதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சத்தியம் செய்தார். புரோக்குலஸும் ரோமுலஸும் பற்றிச் சொல்வார்களே அதுபோல, என்று வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ இதை எழுதுகிறார். அரசரின் மனைவி லிவியா அவருக்குக் கொடுத்த வெகுமதி 10 லட்சம் செஸ்டர்ஸ் என்ற ரோமானிய நாணயங்கள். அப்போது ஒரு சாதாரணப் படைவீரனின் ஆண்டுச் சம்பளம் 900 செஸ்டர்ஸ். செனட்டர் ஆவதற்கு அகஸ்டஸே விதித்திருந்த சொத்துத் தகுதி சரியாக 10 லட்சம். புரோக்குலஸுக்கு யாரும் எதுவும் கொடுத்ததாகக் கதையில் இல்லை.

கி.பி. 38இல் பேரரசர் காலிகுலாவின் தங்கை டிரூசில்லா இறந்தபோது இன்னொரு செனட்டர் அதே சத்தியத்தைச் செய்தார். அதற்கும் அதே தொகை. இந்தத் தடவை யாரும் நம்பவில்லை. பின்னால், கி.பி. 54இல் கிளாடியஸ் பேரரசர் இறந்து தெய்வமாக்கப்பட்டபோது, தத்துவவாதி செனெக்கா ஒரு நையாண்டி எழுதினார். கிளாடியஸ் வானத்துக்குப் போனது எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா, டிரூசில்லா போனதைப் பார்த்தாரே அந்த ஆளைக் கேளுங்கள் என்று தொடங்குகிறார். ஆனால் கூட்டத்தில் கேட்டால் அந்த ஆள் வாய் திறக்கமாட்டாராம். அவ்வளவு நல்ல செய்தியைச் செனட்டில் சத்தியம் செய்து சொல்லியும் ஒருவரும் நம்பாததால், இனிமேல் ஃபோரத்தின் நட்டநடுவில் ஒரு மனிதனைக் கொலை செய்வதைப் பார்த்தாலும் பார்த்ததைச் சொல்லப்போவதில்லை என்று அவர் சபதம் போட்டுவிட்டாராம்.